பழைய கணினியைத் தூக்கி வீசும் முன் கெர்னலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை தவணை நீள்கிறது. விண்டோஸ் 11க்கு மாற வேண்டுமானால் இன்டெல் சில்லு எட்டாம் தலைமுறையாகவாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் வேண்டும். 2017க்கு முன் வெளிவந்த மடிக்கணினிகள் ஏறக்குறைய எல்லாமே இந்த வாசலைத் தாண்ட முடியாதவை. நம் மலேசியத் தமிழ்ப்பள்ளிகளின் கணினி அறைகளிலும் கோயில் அலுவலகங்களிலும் சிறு கடைகளின் கல்லாப் பக்கத்திலும் இருப்பவை பெரும்பாலும் இந்த வயதுக் கணினிகள்தாம். அவற்றைப் பழைய சாமான் விலைக்குத் தள்ளிவிடுவது வருத்தத்துக்குரியது.

"லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்" என்ற ஆலோசனை இப்போது நாலா பக்கமும் கேட்கிறது. நல்ல ஆலோசனைதான். ஆனால் லினக்ஸை 'இலவச விண்டோஸ்' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதை நம்பிப் போடுகிறவர் வைஃபை வராமலோ திரை கறுத்தோ நின்றால், எதைக் குறை சொல்வது, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் மூன்றாம் நாளே கைவிட்டுவிடுகிறார். எந்தக் கணினி பிழைக்கும், எது பிழைக்காது என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியும். அதற்கு லினக்ஸ் உண்மையில் எது என்று தெரிந்தாக வேண்டும்.

கண்டிப்பாகச் சொன்னால் லினக்ஸ் ஒரு கெர்னல் மட்டுமே. இயங்குதளத்தின் ஆக உள்ளே இருக்கும் பகுதி. உலாவியோ வேர்டு செயலியோ பாட்டுப் போடும் செயலியோ வன்பொருளை நேரே தொட முடியாது. கணினியின் மூளையான மையச் சில்லே அதற்கு இடம் கொடுப்பதில்லை: கெர்னலுக்கு முழு உரிமையுள்ள நிலை, மற்ற நிரல்களுக்குக் கட்டுப்பட்ட நிலை என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு கடிதக் கோப்பைத் திறக்கும்போது செயலி 'திற', 'படி' என்று கெர்னலிடம் விண்ணப்பிக்கிறது. கெர்னல் அந்தப் பயனருக்கு உரிமை இருக்கிறதா என்று பார்த்து, வட்டில் அது எந்த இடத்தில் கிடக்கிறது என்று கண்டு, நினைவகத்துக்குக் கொண்டுவந்து கொடுக்கிறது. எந்த நிரலுக்குச் சில்லின் நேரம் எத்தனை மில்லிவிநாடி, யாருக்கு எவ்வளவு நினைவகம், வலைப்பின்னலில் வந்த பொட்டலம் யாருக்கு உரியது என்ற தீர்ப்பெல்லாம் கெர்னலுடையது. திரையில் நாம் காணும் பட்டியல், சன்னல், எழுத்து, அச்சுப்பொறி வரிசை எதுவும் கெர்னலில் இல்லை. அவை வேறு குழுக்கள் எழுதிய நிரல்கள். மின்ட், உபுண்டு, டெபியன் போன்றவை கெர்னலையும் அந்த நிரல்களையும் சேர்த்துக் கட்டித் தரும் தொகுப்புகள்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டற்ற இயங்குதளம் ஒன்றை முழுமையாக எழுதுவோம் என்று ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 செப்டம்பரில் குனூ திட்டத்தை அறிவித்தார். தொகுப்பி (மூலநிரலை, அதாவது மனிதர் எழுதும் நிரல் வரிகளை, இயங்கும் வடிவாக்கும் கருவி), உரைத்திருத்தி, கட்டளை ஓடு (தட்டும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் நிரல்) என ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கெர்னல் மட்டும் அமையவில்லை. அவர்கள் 1990இல் தொடங்கிய ஹர்ட் கெர்னல் இன்றுவரை அன்றாடப் பயன்பாட்டுக்கு வந்து சேரவில்லை. 1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், இன்டெலின் 386 சில்லுக்காகத் தான் எழுதிவரும் கெர்னலை அறிவித்தார். முதல் வெளியீடு சுமார் 10,000 வரிகள். 1992இல் அதைக் குனூ பொது உரிமத்தின் கீழ் மாற்றினார். அந்த உரிமத்தின் சாரம் இதுதான்: யாரும் ஓட்டலாம், படிக்கலாம், மாற்றலாம், விற்கலாம், ஆனால் மாற்றியதை இயங்கும் வடிவில் மற்றவருக்குக் கொடுத்தால் மூலநிரலையும் அதே உரிமையோடு கொடுக்க வேண்டும். இன்று அந்தக் கெர்னல் ஏறத்தாழ 4 கோடி வரிகள். 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீக்கணினிகளின் பட்டியலில் உள்ள எல்லாமே இதன்மீதுதான் ஓடுகின்றன. ஆண்டிராய்டு கைப்பேசி, குரோம்புக், வீட்டு வைஃபை ரூட்டர்களில் பெரும்பாலானவை ஆகியவற்றின் உள்ளேயும் இதுவே.

இனி முக்கியமான செய்தி. அந்த 4 கோடி வரிகளில் பாதிக்கு மேல் டிரைவர்கள். வைஃபை அட்டை, ஒலிச் சில்லு, திரை, தொடுபலகை ஒவ்வொன்றையும் இயக்குவதற்கான நிரல்கள் அவை. விண்டோஸில் டிரைவரைக் கருவி செய்த நிறுவனம் தனியாக எழுதித் தரும். அந்நிறுவனம் அடுத்த பதிப்புக்கு எழுத மறுத்தால் கருவி நல்ல நிலையில் இருந்தாலும் அதன் கதை முடிந்தது. லினக்ஸில் ஒரு டிரைவர் மூலக் கெர்னலுக்குள், அதாவது டோர்வால்ட்ஸ் குழு வெளியிடும் அதிகாரப்பூர்வக் கெர்னலுக்குள், சேர்க்கப்பட்டுவிட்டால் நிலைமை வேறு. கெர்னலின் உள் அமைப்பை யார் மாற்றினாலும், அந்த மாற்றத்தால் பாதிக்கப்படும் எல்லா டிரைவர்களையும் அவரே திருத்தித் தர வேண்டும் என்பது அங்கே நடைமுறை. அதனால்தான் செய்தவர்களே மறந்துவிட்ட வைஃபை அட்டை, நேற்று வெளிவந்த கெர்னலிலும் வேலை செய்கிறது. எதையும் என்றென்றைக்கும் சுமப்பார்கள் என்று சொல்லவில்லை. 2013இல் வெளிவந்த 3.8 பதிப்பில் 386 சில்லுக்கான ஆதரவையே எடுத்துவிட்டார்கள். ஆனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வயதுள்ள 64 பிட் மடிக்கணினிக்கு அந்தக் கவலை இப்போதைக்கு இல்லை.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்தக் கணினியில் உள்ள பாகங்களின் டிரைவர்கள் மூலக் கெர்னலுக்குள் இருக்கின்றனவா? இருந்தால் கணினி இன்னும் பல ஆண்டுகள் ஓடும். வெளியே தனியாகக் கிடந்தால் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் தொல்லை வரும்.

கைப்பேசியில் இது பச்சையாகத் தெரியும். வாசகர்கள் இப்போதே அமைப்புகளுக்குள் போய், 'தொலைபேசி பற்றி' என்ற இடத்தில் ஆண்டிராய்டு பதிப்பைத் தொட்டால் கெர்னல் பதிப்பும் வரும். 4.14 என்று தொடங்கினால், அந்த வரிசைக்கான அதிகாரப்பூர்வப் பராமரிப்பு 2024 ஜனவரியில் முடிந்தது. 4.19 என்றால் 2024 டிசம்பரில், 5.4 என்றால் 2025 டிசம்பரில். கெர்னல் கட்டற்றதாக இருந்தும் நல்ல கைப்பேசி ஏன் அங்கேயே நின்றுவிடுகிறது? சில்லு நிறுவனம் தன் டிரைவர்களை மூலக் கெர்னலில் சேர்க்காமல், ஒரு பழைய பதிப்பின்மேல் ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போனதால்தான். இந்தச் சிக்கலைக் குறைக்கத்தான், ஆண்டிராய்டு 12 முதல் 5.10 கெர்னலோடு வெளிவரும் கைப்பேசிகளுக்குப் பொதுக் கெர்னல் என்ற ஏற்பாட்டைக் கூகுள் கட்டாயமாக்கியது. அடுத்த கைப்பேசி வாங்கும்போது நினைவகத்தையும் கேமராவையும் விசாரிப்பதோடு கெர்னல் எந்த வரிசை என்றும் விசாரியுங்கள்.

பராமரிப்பு முடிந்தால் என்ன கெட்டுப்போகும் என்று சிலர் கேட்கலாம். 'டர்ட்டி கவ்' எனப்பட்ட ஓட்டை 2007 முதல் கெர்னலில் இருந்தது. 2016 அக்டோபரில்தான் அடைத்தார்கள். அதன் வழியாகச் சாதாரணப் பயனர் ஒருவர் முழு நிர்வாக உரிமையைப் பிடுங்கிக்கொள்ள முடிந்தது. கெர்னலில் ஓட்டை என்றால் அதன்மேல் போட்ட எந்தப் பூட்டும் உதவாது. அந்த 2016 திருத்தம் போய்ச் சேராத கருவிகள் அதன்பிறகும் திறந்தே கிடந்தன.

மடிக்கணினிக்கு வருவோம். பினாங்கின் பாயான் லெப்பாஸில் 1972 முதல் ஆலை வைத்திருக்கும் இன்டெல், லினக்ஸ் கெர்னலுக்கு நிரல் எழுதித் தரும் பெரிய நிறுவனங்களில் ஒன்று. இன்டெல் திரைச் சில்லும் இன்டெல் வைஃபையும் உள்ள பழைய மடிக்கணினி ஏறக்குறைய கண்ணை மூடிக்கொண்டு நம்பத்தக்கது. ஆதரோஸ் வைஃபை அட்டைகளும் நல்லவை. பிராட்காம் வைஃபை உள்ளவற்றில் கவனம் தேவை. என்விடியா தனித் திரை அட்டை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

போடுவதற்கு முன் சோதித்துப் பார்ப்பது எளிது. 8 ஜிகாபைட் பென்டிரைவ் ஒன்று போதும். அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலியானதாக எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ வடிவம் பழைய கணினிக்கு ஏற்றது. 2 ஜிகாபைட் நினைவகத்தில் ஓடும் என்று அவர்கள் சொன்னாலும் இணையம் பார்க்க 4 இருந்தால்தான் நிம்மதி. வட்டில் 20 ஜிகாபைட்டாவது காலியாக இருக்க வேண்டும். இறக்கிய கோப்பின் ஷா256 எண்ணை (கோப்பு பிழையின்றி வந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். பலரும் விட்டுவிடும் படி இதுதான். பாதியில் அறுந்த கோப்பு பென்டிரைவில் ஏறியும்விடும், நிறுவலின் நடுவில் போய்ப் பல்லிளிக்கும். கோப்பைச் சும்மா பென்டிரைவில் நகலெடுத்தால் கணினி அதிலிருந்து தொடங்காது. ரூஃபஸ் அல்லது பலேனா எச்சர் என்ற நிரலைக் கொண்டு எழுத வேண்டும்.

பிறகு கணினியை அணைத்து, பென்டிரைவைச் செருகி, இயக்கியவுடன் தொடக்கப் பட்டியலுக்கான விசையைத் தட்டுங்கள். டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசூஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 வேலை செய்ய, முதலில் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் உள் நிரல்) அமைப்புக்குள் போய் அதை இயக்கிவைக்க வேண்டியிருக்கும். இப்போது மின்ட் பென்டிரைவிலிருந்தே ஓடும். உங்கள் வட்டை அது தொடாது. அந்த நிலையிலேயே வைஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, திரை வெளிச்சம் கூடிக் குறைகிறதா, கேமரா தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மூடியைச் சாத்தி ஐந்து நிமிடம் விட்டுத் திறந்து பாருங்கள். இதைச் சில தடவை செய்யுங்கள். உறங்கி விழிப்பதுதான் கெர்னலுக்குக் கடினமான தேர்வு. எல்லா டிரைவர்களும் தங்கள் சில்லின் நிலையைச் சேமித்துவைத்து மறுபடி அப்படியே எழுப்ப வேண்டும். அதில் ஒன்று தவறினாலும் திரை கறுப்பாகவே நிற்கும். கடையில் பழைய மடிக்கணினி வாங்குகிறவர்களும் இந்தச் சோதனையை அங்கேயே செய்து பார்க்கலாம். விவரம் தெரிந்த கடைக்காரர் தடுக்க மாட்டார்.

வைஃபை வரவில்லை என்றால் உடனே விட்டுவிட வேண்டாம். கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைப் பகிருங்கள். அதற்கான டிரைவர் கெர்னலிலேயே இருப்பதால் கணினிக்கு இணையம் கிடைத்துவிடும். பிறகு மின்டின் டிரைவர் மேலாளரைத் திறந்தால், பிராட்காம் போன்ற அட்டைகளுக்கு வேண்டியதைக் காட்டும். முனையத்தில், அதாவது கட்டளை தட்டும் சன்னலில், எல்எஸ்பிசிஐ கட்டளையோடு சிறு கோடும் 'கே' எழுத்தும் சேர்த்துத் (lspci -k) தட்டினால், ஒவ்வொரு பாகத்துக்கும் எந்த டிரைவர் பொறுப்பேற்றிருக்கிறது என்று தெரியும். வைஃபை அட்டையின் கீழ் டிரைவர் வரியே இல்லாவிட்டால் பொருத்தமான டிரைவர் இல்லை. வரி இருந்தும் இணையம் வரவில்லை என்றால் பெரும்பாலும் ஃபர்ம்வேர் குறை.

அந்த ஃபர்ம்வேர் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. டிரைவர் கட்டற்றதாக இருக்கும். ஆனால் அட்டையின் உள்ளே ஓடும் சிறு நிரலை நிறுவனம் மூலநிரல் இல்லாமல் மூடிய பொட்டலமாகத்தான் தரும். இன்டெல் வைஃபையும் அப்படித்தான். இதை ஏற்க மறுப்பவர்கள் 'லினக்ஸ் லிப்ரே' என்ற பெயரில், மூடிய துண்டுகளையும் அவற்றை ஏற்றும் வழிகளையும் நீக்கிய கெர்னலை 2008 முதல் வெளியிட்டு வருகிறார்கள். டிரிஸ்குவெல் போன்ற தொகுப்புகள் அதைக் கொண்டவை. கொள்கை அளவில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது: உள்ளே என்ன ஓடுகிறது என்று படிக்க முடியாத துண்டை யாராலும் திருத்தவும் முடியாது. ஆனால் அந்தக் கெர்னலைப் போட்டால் நம் வீட்டு மடிக்கணினிகள் பலவற்றில் வைஃபை நின்றுவிடும். ஏத்9கே டிரைவரால் இயங்கும் ஆதரோஸ் அட்டைகளுக்கு ஃபர்ம்வேர் கோப்பே தேவையில்லை. ஏஆர்9271 சில்லுள்ள யூஎஸ்பி வைஃபைக்குக் கட்டற்ற ஃபர்ம்வேரே உண்டு. டெபியன் நெடுங்காலம் மூடிய ஃபர்ம்வேரைத் தன் நிறுவல் வட்டில் சேர்க்காமல் இருந்தது. 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து சேர்த்துக்கொண்டது. பழைய கணினியைக் காப்பாற்ற நினைக்கும் பள்ளிக்கு அந்த முடிவு உதவியாக இருக்கிறது என்பதே என் கருத்து. புதிதாக வாங்கும்போது ஃபர்ம்வேர் வேண்டாத அட்டையைத் தேடுவது அதைவிட நல்லது.

நிறுவிய பிறகு வரும் கோளாறுகளில் மூன்றைச் சொல்கிறேன். ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு கணினி தொடங்காமல் 'கெர்னல் பேனிக்' என்று நின்று, மூல வட்டை ஏற்ற முடியவில்லை என்று சொல்லும். வட்டு கெட்டுவிட்டது என்று பயந்து பலர் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள். கணினி தொடங்கும்போது கிரப் என்ற ஏற்றி, கெர்னலையும் அதோடு ஒரு தற்காலிகக் கோப்புத் தொகுதியையும் நினைவகத்தில் வைக்கிறது. வட்டைப் படிக்கத் தேவையான டிரைவர்கள் அந்தத் தொகுதிக்குள் இருக்கின்றன. வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்து (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி) நிறுவியிருந்தால் இவை தனியான சிறு பிரிவில் இருக்கும். ஒவ்வொரு கெர்னலும் தன் தொகுதியோடு சேர்ந்து அங்கே நூறு மெகாபைட்டைப் பிடித்துக்கொள்ளலாம். பழையவை நீக்கப்படாமல் சேர்ந்து பிரிவு நிரம்பினால், புதிய கெர்னலின் தொகுதி அரைகுறையாக நின்றுவிடும். மருந்து எளிது. கணினியை இயக்கியதும் எஸ்கேப் விசையைத் தட்டி (பழைய பயாஸ் கணினியில் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு) கிரப் பட்டியலைக் கொண்டுவந்து, 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வரியில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அது வழக்கம்போல் தொடங்கும். பிறகு மின்டின் அப்டேட் மேனேஜரில் 'வியூ' பட்டியலின் கீழ் உள்ள 'லினக்ஸ் கெர்னல்ஸ்' பக்கத்தில் பழையவற்றை நீக்கி இடம் செய்துவிட்டு, அரைகுறையாக நின்ற புதியதையும் நீக்கி மறுபடி நிறுவுங்கள். வேலை செய்யும் கெர்னல் ஒன்றையாவது எப்போதும் கையிருப்பில் விட்டுவையுங்கள்.

மற்றொன்று, மூலக் கெர்னலுக்கு வெளியே உள்ள டிரைவர்களின் தொல்லை. என்விடியாவின் சொந்த டிரைவரும் சில யூஎஸ்பி வைஃபை டிரைவர்களும் ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் மறுபடி தொகுக்கப்பட, அதாவது மூலநிரலிலிருந்து இயங்கும் வடிவாக்கப்பட, வேண்டியவை. டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு அதைத் தானாகச் செய்யும். ஆனால் அந்தக் கெர்னலுக்குரிய ஹெடர் கோப்புகள் (தொகுக்கும்போது தேவைப்படும் கெர்னல் விவரக் கோப்புகள்) நிறுவப்படாமல் இருந்தால் தொகுப்பு நடக்காது, திரை கறுக்கும். ரியல்டெக் 8812ஏயூ சில்லுள்ள யூஎஸ்பி வைஃபைகள் பல ஆண்டுகள் இப்படித்தான் மக்களைப் படுத்தின. அண்மைப் பதிப்புகளில்தான் அதன் டிரைவர் மூலக் கெர்னலில் சேர்ந்தது. செக்யூர் பூட் (கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) இயக்கத்தில் இருந்தால் இன்னொரு படியும் உண்டு. கையொப்பம் இல்லாத டிரைவரைக் கெர்னல் ஏற்காது. அதனால் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். அடுத்த தொடக்கத்தில் நீலத் திரை ஒன்று வந்து ஏதாவது விசையை அழுத்தச் சொல்லும். சுமார் பத்து விநாடிதான் காத்திருக்கும். அதற்குள் அழுத்தி, 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்ந்து, அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். அதைக் கவனிக்காமல் விட்டவர்கள்தாம் "டிரைவர் போட்டேன், வேலை செய்யவில்லை" என்கிறார்கள்.

மூன்றாவது, பென்டிரைவ். லினக்ஸில் நகலெடுப்பு முடிந்துவிட்டதாகத் திரை காட்டினாலும், கெர்னல் தரவை முதலில் நினைவகத்தில் வைத்துக்கொண்டு சாவகாசமாகத்தான் எழுதும். வழக்கமான அமைப்பில் அரை நிமிடம்வரை காத்திருக்கும், பெரிய கோப்பானால் எழுதி முடிக்க மேலும் நேரமாகும். உடனே பிடுங்கினால் கோப்பு வெறும் பெயராக மட்டும் இருக்கும். 'எஜெக்ட்' கொடுத்து, எடுக்கலாம் என்று சொல்லும்வரை பொறுங்கள். 4 ஜிகாபைட் கணினியில் உலாவித் தாவல்கள் பெருகி எல்லாம் உறைந்தால், அதுவும் கெர்னலின் பொறுப்பில் வருவதே: நினைவகம் தீர்ந்தால் ஒரு நிரலைத் தேர்ந்து அது கொன்றுவிடும். இசட்ராம் என்ற வசதியை இயக்கினால், நினைவகத்தின் ஒரு பகுதியில் தரவைச் சுருக்கி வைத்து இந்த நிலையைத் தள்ளிப்போடும்.

தமிழுக்கு வருகிறேன், இதில் குழப்பம் அதிகம். திரையில் தமிழ் கட்டங்களாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். நோட்டோ அல்லது லோகித் தமிழ் எழுத்துருவை நிறுவுங்கள். கொம்பும் காலும் இடம் மாறித் தெரிந்தால் அது எழுத்தை வடிவமைக்கும் நிரலின் பிழை. உலாவிகளிலும் லிப்ரே ஆஃபிஸிலும் ஹார்ஃப்பஸ் அந்த வேலையைச் சரியாகவே செய்கிறது. தட்டச்சுக்கு ஐபஸ்ஸும் அதன் எம்17என் தொகுப்பும் போதும். தமிழ்99, ஒலியியல் இரண்டும் உள்ளன. முரசு அஞ்சல் தட்டச்சு மென்பொருளில் பழகிய கைக்குச் சில விசைகள் மாறியிருக்கக்கூடும். டிஸ்கி, பாமினி போன்ற பழைய முறைகளில் அடித்த கோப்புகளை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிக்கொள்ள வேண்டும். இவை எதிலும் கெர்னலுக்குப் பங்கில்லை.

கெர்னலுக்குப் பங்குள்ள இடம், கோப்பின் பெயர். வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்க லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 முறையில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. தமிழின் ஒவ்வொரு குறியும், அதாவது எழுத்து, புள்ளி, கொம்பு ஒவ்வொன்றும் 3 பைட். ஆக 85 குறிகள்தாம் எல்லை. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் அதே எல்லை 255 குறிகள். 'தேசிய வகை தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்ட அறிக்கை 2024 இறுதி வரைவு' என்று ஒரு வேர்டு கோப்புக்குப் பெயர் வைத்தால், பின்னொட்டையும் சேர்த்து விண்டோஸ் கணக்கில் 101 குறி, தாராளமாக ஏற்கும். லினக்ஸில் அதே பெயர் 263 பைட். 'பெயர் மிக நீளம்' என்று நகலெடுப்பு நின்றுவிடும். மின்ட் நிறுவும்போது வீட்டுக் கோப்புறையை மட்டும் மறையாக்கம் செய்யத் தேர்ந்தால் எல்லை 143 பைட்டாகக் குறைகிறது, அதாவது 47 தமிழ்க் குறிகள். பள்ளிக் கோப்புகளை மாற்றும் முன் நீண்ட பெயர்களைச் சுருக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் எந்தக் கோப்பு விடுபட்டது என்று தெரியாமலே பழைய வட்டை அழித்துவிடும் ஆபத்து உண்டு.

இன்னொன்றும் உண்டு. கெர்னல் பெயரை வெறும் பைட் வரிசையாகத்தான் பார்க்கிறது. 'கோ'வின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, கெர்னலுக்கு வெவ்வேறு. ஒரே கோப்புறையில் 'கோயில் கணக்கு' என்று இரண்டு கோப்புகள் நிற்பதும், தேடினால் ஒன்று மட்டும் அகப்படுவதும் இதனால்தான். இரண்டையும் திறந்து பார்த்துவிட்டு ஒன்றுக்கு வேறு பெயர் கொடுப்பதே வழி.

வட்டைப் பிரித்து விண்டோஸையும் வைத்துக்கொள்கிறவர்கள், அதன் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை நிறுத்திவிட வேண்டும். அது இயங்கும்போது விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. அந்தப் பிரிவைப் பாதி உறக்கத்தில் விட்டுப்போகிறது. லினக்ஸ் அதைப் படிக்கும், எழுத மறுக்கும். மறுப்பது நம் தரவைக் காக்கத்தான்.

32 பிட் சில்லு மட்டும் உள்ள மிகப் பழைய கணினிகளுக்கு வழி குறுகிவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் அவற்றுக்கான கெர்னலும் நிறுவியும் இல்லை. டெபியன் 12 நீள்காலப் பராமரிப்பில் 2028 ஜூன் வரை ஓடும். அவ்வளவு பழையதற்குப் புதிதாக உழைப்பைப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மலேசிய அரசு பொதுத்துறைக்கான திறந்த மூலத் திட்டத்தை 2004லேயே வகுத்தது. அன்று மாம்பு என்ற பெயரில் இருந்த துறை அதை முன்னெடுத்தது. நம் பள்ளிகளும் சங்கங்களும் அதில் பெரிதாக நுழையவில்லை. இன்று கல்வி அமைச்சின் டெலிமா கற்றல் தளம் உலாவியிலேயே இயங்குகிறது; கணக்கு எழுத, அறிக்கை தயாரிக்க லிப்ரே ஆஃபிஸ் இருக்கிறது. விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கியல் மென்பொருளோ சிறப்பு அச்சுப்பொறியோ வைத்திருக்கும் கடைகள் மட்டும் அந்த ஒரு கணினியை அப்படியே விட்டு மற்றவற்றை மாற்றலாம்; விட்ட கணினியை இணையத்திலிருந்து துண்டித்துவிடுவது நல்லது.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய கணினிகளை ஏலம் விடும் முன், பள்ளி விடுமுறையில் ஒரு நாள் ஒதுக்கி, ஒரே பென்டிரைவைக் கொண்டு ஒவ்வொன்றையும் மேலே சொன்னபடி சோதியுங்கள். வைஃபை, ஒலி, உறக்கம், கேமரா என நான்கு கட்டம் போட்ட தாளில் சரியா தவறா என்று குறித்தால் எது தேறும் என்று தெரிந்துவிடும். தேறாதவற்றின் நினைவகத்தைக் கழற்றித் தேறியவற்றில் போடலாம், ஒரே வகையாகவும் ஒரே வேகமாகவும் இருந்தால். புதிய கணினிக்கு விலைப்புள்ளி கேட்கும்போது, "வைஃபைச் சில்லு எது, மூலக் கெர்னலில் அதன் டிரைவர் எந்தப் பதிப்பிலிருந்து இருக்கிறது" என்ற ஒரு வரியைச் சேர்த்துக் கேளுங்கள்.

தங்கள் கணினிப் பக்கத்திலும் இனி லினக்ஸ் பற்றி எழுதும்போது, எந்தத் தொகுப்பு என்பதோடு எந்தக் கெர்னல் வரிசை, அதற்குப் பராமரிப்பு எப்போது முடிகிறது என்ற இரண்டு விவரங்களையும் சேர்த்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். மின்ட் 22 என்று மட்டும் எழுதாமல், 6.8 கெர்னலோடு வெளிவந்தது, 2029 வரை ஆதரவு உண்டு என்று எழுதினால், படிக்கிறவர் தன் கணினியை எடுத்துவைத்துக் கணக்குப் போட்டுக்கொள்வார்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுபார்ப்புத் தொழிலில் உள்ள வாசகர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு